கண்ணாடி டீச்சரின் இரண்டாம் வாக்குமூலம்

கண்ணாடி டீச்சர் கண்ணாடி போடுவதில்லை. அவளுக்குப் பார்வையில் ஒரு குறையும் கிடையாது. பத்தொன்பது வருஷமாக அண்ணனுடைய ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். ஏறி உட்கார்ந்ததிலிருந்து இறங்கும்வரை "கண்ணாடி பாருங்க, கண்ணாடி பாருங்க" என்று அவள் ஓதுவதைக் கேட்டுக் காது புளித்துப்போன யாரோ ஒரு மாணவன் வைத்த பெயர் அது. வைத்தவன் பரீட்சையில் தேறி எங்கோ போய்விட்டான், பெயர் நின்றுவிட்டது. பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கும் அவளுடைய கணவர்கூட, வீட்டில் வாக்குவாதம் முற்றினால், "சரிங்க கண்ணாடி டீச்சர்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்.

அப்படிப்பட்டவள்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, பளிச்சென்ற வெயிலில், நெரிசலே இல்லாத தெருவில், நடப்பவர்கள் கடப்பதற்காகப் போட்ட வெள்ளைக் கோடுகளின் மேலேயே ஒரு மனிதரை இடித்துத் தள்ளினாள்.

அன்றைக்கு முதல் மாணவியை அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர்களின் கையையும் காலையும் பார்த்துக்கொண்டே இருப்பவளுக்கு, ஸ்டியரிங்கைத் தானே பிடிக்கும் இந்தக் கால் மணி நேரம் கொஞ்சம் ஓய்வு மாதிரி. பக்கத்து இருக்கையில் விண்ணப்பப் படிவங்கள் ஒரு கட்டு இருந்தன. வளைவில் திரும்பும்போது கட்டு சரிந்தது. கீழே விழுந்து கலைந்தால் மறுபடி வரிசைப்படி அடுக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். இடது கையை நீட்டிக் குனிந்து பிடித்தாள். நிமிர்ந்தபோது முன்கண்ணாடிக்கு நேர் எதிரே ஒரு நீலச் சட்டை. பிரேக்கை மிதித்தாள். மிதிப்பதற்கு முன்பே சத்தம் கேட்டுவிட்டது.

விழுந்தவர் தண்ணீர் மீட்டர் அளவெடுப்பவர். ஐம்பது வயதிருக்கும். வீடு வீடாகப் போய், சுவரோரம் குனிந்து, மீட்டர் மூடியைத் திறந்து எண்ணைக் குறித்துக்கொண்டு போவதுதான் அவருடைய வேலை. வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பக் கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது. அவர் கத்தவில்லை. "என் நோட்டு, என் நோட்டு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். காவல் நிலையத்துக்கும் அவளே சொன்னாள். தூரத்தில் கிடந்த நோட்டை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. கார் கூரையில் இருந்த பலகையை ஒருவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஓட்டப் பழகுறவங்க போல. பாவம்."

"பழகுறவங்க இல்லய்யா," என்றார் பக்கத்தில் நின்றவர். "பழக்குறவங்க!"

கூட்டம் சிரித்தது. காவல் நிலையம் போகும்வரை அந்தச் சிரிப்பு டீச்சரின் காதிலேயே இருந்தது.

காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் அவளுடைய ஓட்டுநர் உரிமத்தை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டு, பேனாவைத் திறந்தார். "நடந்ததைச் சொல்லுங்க."

நடந்ததைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "கோட்டுகிட்ட வந்தேன் சார். அவர் திடீர்னு ரோட்ல இறங்கிட்டார்."

எங்கிருந்து வந்தது அந்த வாக்கியம் என்று அவளுக்கே தெரியவில்லை. யாரோ எழுதிவைத்ததைப் படித்தது போல வந்தது. அவர் எழுதிக்கொண்டார். "திடீர்னு?" என்று கேட்டார். "ஆமா சார்," என்றாள். இரண்டாவது முறை சொன்னபோது முதல் முறையைவிடச் சுலபமாக இருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் ஒன்றும் கேட்காமல் டீ போட்டுக் கொடுத்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். படிவக் கட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

எட்டு நாள் அப்படியே ஓடிற்று. வழக்கு பதிவாகியிருந்தது. கவனக்குறைவாக ஓட்டிக் காயம் உண்டாக்கியது என்பது குற்றச்சாட்டு. "எதிராளி மேலயும் பாதி தப்பு இருக்கறதால பெருசா ஒண்ணும் ஆகாது மேடம், அபராதத்தோட முடிஞ்சிடும்," என்றார் வக்கீல். நிறைய வழக்கு பார்த்துக் களைத்துப்போன, நல்ல மனிதர். டீச்சர் தலையாட்டினாள். வண்டியில் ஒரு கேமரா இருப்பது அவளுக்கு நினைவிருந்தது. மாணவர்களுக்கு அவர்கள் செய்த தப்பைக் காட்டுவதற்காக அவளே அண்ணனிடம் அடம்பிடித்துப் பொருத்த வைத்த கேமரா. முன்னால் தெருவையும் எடுக்கும், உள்ளே ஓட்டுகிறவரையும் எடுக்கும். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை.

ஒன்பதாம் நாள் மருத்துவமனைக்குப் போனாள். அடிபட்டவரைப் பார்க்காமல் இருப்பது அசிங்கமாகத் தோன்றியது. எலும்பு முறிவு வார்டின் வாசலில் மீட்டர்காரரின் அக்கா உட்கார்ந்திருந்தாள். கல்யாணம் ஆகாத தம்பியும் கணவனை இழந்த அக்காவுமாக ஒரே வீட்டில் இருப்பவர்கள் என்று வார்டில் இருந்த நர்ஸ் சொல்லியிருந்தாள்.

"நீங்கதானா அது?" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "உள்ள போகாதீங்க. இப்பத்தான் தூங்குறான்."

"எப்படி இருக்காருன்னு கேட்டுட்டுப் போகலாம்னு..."

"காலுக்கு ரெண்டு தடவை ஆபரேஷன் ஆச்சு. அது பரவாயில்ல, ஆறிடும். ஆபீஸ்லேர்ந்து கடிதாசி வந்திருக்கு. வேலை நேரத்துல அடிபட்டா சம்பளத்தோட லீவு உண்டு. ஆனா தானா ரோட்ல குதிச்சவனுக்குக் கிடையாதாம். விசாரணை வேற வைக்கப் போறாங்களாம்." அவள் டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். "இருபத்தாறு வருஷமா தெருவுலயே நடக்கறவன்மா அவன். ரெண்டு பக்கமும் பாக்காம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டான். கூட நடந்தா நமக்குத்தான் பொறுமை போகும். நீங்க என்ன எழுதிக் குடுத்தீங்கன்னு எனக்குத் தெரியாது. அவன் மட்டும் 'நான் குதிக்கலக்கா, நான் குதிக்கலக்கா'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கான்."

டீச்சர், கொண்டுபோன பழப் பையை அங்கே வைப்பதா, திருப்பி எடுத்துக்கொண்டு போவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். கடைசியில் பையோடு திரும்பி வந்தாள்.

நேரே பள்ளிக்குத்தான் போனாள். அண்ணன் புதிய மாணவர்களின் அட்டவணையைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்.

"கேமரா கார்டு எங்கண்ணா?"

அண்ணன் சாக்பீஸை வைத்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "என்கிட்டதான் இருக்கு. அன்னிக்கு வண்டிய எடுத்துட்டு வர்றப்பவே கழட்டிட்டேன்."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எனக்குக் காட்டு."

கணினியில் போட்டார். உள்பக்கப் படத்தில் அவள் தெரிந்தாள். சீராக ஓட்டிக்கொண்டு வருகிறாள். தலை பக்கவாட்டில் சரிந்து மறைகிறது. ஒன்று, இரண்டு, மூன்றாவது நொடியும் பாதி. வெளிப்பக்கப் படத்தில் நீலச் சட்டைக்காரர் கோடுகளின் ஓரத்தில் நிற்கிறார். அந்தப் பக்கம் பார்க்கிறார். இந்தப் பக்கம் பார்க்கிறார். கார் தூரத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு இறங்குகிறார். பாதித் தெருவுக்கு வந்தவர், கார் வேகம் குறையவில்லை என்று தெரிந்ததும் கையை உயர்த்துகிறார், நில்லுங்கள் என்று.

மாணவர்கள் எத்தனை பேரை இதே நாற்காலியில் உட்கார வைத்து, இதே மாதிரிப் படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டி அவள் வறுத்தெடுத்திருப்பாள்! இப்போது தன் படத்தை நிறுத்தாமல் கடைசிவரை பார்த்தாள்.

"இங்க பாரும்மா," என்றார் அண்ணன். "உன்னைப் பொய் சொல்லுன்னு நான் சொல்லல. சும்மா இருன்னுதான் சொல்றேன். இது வெளிய போனா உன் லைசென்ஸ் போகும். பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேர். ஓட்டச் சொல்லிக்குடுக்கறவங்களே இப்படின்னு ஊர் சிரிக்கும்."

"ஊர் அன்னிக்கே சிரிச்சிடுச்சு."

"சிரிச்சவங்க மறந்திடுவாங்க."

"அவருக்கு விசாரணை வைக்கப் போறாங்கண்ணா. நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக."

அண்ணன் கெட்டவர் அல்ல. தங்கைக்கு முதன்முதலில் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஊரில் ஒரு பெண் வேலைக்குக் கார் ஓட்டுவதா என்று மற்றவர்கள் முகம் சுளித்த காலத்தில், "என் தங்கச்சி ஓட்டுவா, நீ வழிய விடு" என்று சொன்னவர். இப்போது அவர் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தார். பிறகு மேஜைமேல் வைத்து அவள் பக்கம் தள்ளினார்.

"எனக்குப் பிடிக்கல," என்றார். "எடுத்துட்டுப் போ."

வக்கீல் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொள்ளாத குறைதான். "மேடம், கவனக்குறைவுக்குத் தனித் தண்டனை, போலீஸ்ல தப்பாச் சொன்னதுக்குத் தனித் தண்டனை. ஜெயிலுக்கே அனுப்பச் சட்டத்துல இடம் இருக்கு. அனுப்ப மாட்டாங்கன்னு நான் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது."

அன்று சாயங்காலம் கணவரிடம் படிவக் கட்டு உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே கூடத்திலிருந்து எடுத்துவந்த ஒரு செயற்கைக் கடைவாய்ப் பல்லை அரம் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ணட்டும்?" என்றாள்.

"முடிவு பண்ணிட்டுத்தானே கேக்கற?"

"ஆமா."

"அப்ப நாளைக்கு நானும் கூட வர்றேன். பஸ்லதான் போகணும். எனக்கு ஓட்டத் தெரியாதுங்கறது உனக்குத் தெரியும்." கல்யாணமான புதிதில் மூன்று நாள் அவருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். நாலாம் நாள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். குடும்பம் முக்கியம் என்று பாடத்தையும் நிறுத்திவிட்டார்கள். அதை நினைத்து, ஒன்பது நாளில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது.

உதவி ஆய்வாளர் கார்டை வாங்கிக் கணினியில் போட்டுப் பார்த்தார். "இத்தனை நாள் இது எங்க இருந்தது?" என்று கேட்டார். அண்ணன் தானே வந்திருந்தார், யாரும் கூப்பிடாமல். "என்கிட்ட, சார்," என்றார். அவருக்கும் நல்ல டோஸ் விழுந்தது. பள்ளிக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. பிறகு உதவி ஆய்வாளர் புதுத்தாள் எடுத்து, "சொல்லுங்க. முதல்லேர்ந்து," என்றார். இந்தத் தடவை ஒரு பக்கத்துக்கு மேல் போயிற்று. அவளே படித்துப் பார்த்து, 'குனிந்தேன்' என்று இருந்த இடத்தில் 'தெருவைப் பார்க்காமல் குனிந்தேன்' என்று சேர்க்கச் சொன்னாள்.

அந்த வாக்குமூலத்தின் நகல் தண்ணீர் வாரிய அலுவலகத்துக்குப் போனது. அங்கே விசாரணையைக் கைவிட்டார்கள். மீட்டர்காரருக்கு அடிபட்ட நாளிலிருந்தே சம்பளத்தோடு லீவு என்று மறு கடிதம் வந்தது. டீச்சருக்கு இதை யாரும் சொல்லவில்லை. வழக்கு நாளில்தான் தெரிந்தது.

நீதிமன்ற அறையில் மின்விசிறி ஒன்று தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. நீதிபதி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு திரையில் அந்தப் படத்தை இரண்டு முறை ஓட விட்டார். பின்வரிசையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த மீட்டர்காரரும் அக்காவும் உட்பட, அறையில் இருந்த எல்லோரும் அவள் குனிவதைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். தலையைக் குனிந்துகொள்ளக் கூடாது என்று முன்கூட்டியே தனக்குத் தானே சொல்லி வைத்திருந்தாள்.

"முதல்ல ஏன் வேற மாதிரி சொன்னீங்க?" என்று கேட்டார் நீதிபதி.

"பயந்துட்டேன். பழிய அவர் மேல கொஞ்சம் தள்ளினா என் மேல குறையும்னு நினைச்சேன்."

"இதைக் குடுக்காம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே?"

"எங்க அண்ணனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் முகம் பாத்துப் பேச வேற விஷயமே இருந்திருக்காதுங்க."

நீதிபதி அதையும் எழுதிக்கொண்டார். பிறகு தீர்ப்பு வந்தது. மூன்று மாதச் சிறை, ஆனால் அது நிறுத்தி வைக்கப்படுகிறது. இரண்டு வருஷத்துக்குள் வேறு குற்றம் செய்தால் உள்ளே போக வேண்டும். ஓட்டுநர் உரிமம் ஒரு வருஷத்துக்கு ரத்து. அதற்குப் பிறகு எல்லோரையும் போலப் புதிதாகப் பரீட்சை எழுதி, ஓட்டிக் காட்டித்தான் வாங்க வேண்டும். கற்றுக்கொடுக்கும் உரிமத்துக்கும் அப்படியே. அபராதம் உண்டு. போதாததற்கு, பொது மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில் நூற்று இருபது மணி நேரம் சேவை.

வெளியே வந்ததும் வக்கீல் பெருமூச்சு விட்டார். "நான் வேற மாதிரி பயந்திருந்தேன் மேடம். நீங்களே வந்து சொன்னதுதான் காப்பாத்திச்சு."

மருத்துவமனையில் அவளுக்குக் கொடுத்த வேலை சக்கர நாற்காலி தள்ளுவது. வார்டிலிருந்து எக்ஸ்ரே அறைக்கு, எக்ஸ்ரே அறையிலிருந்து பயிற்சிக் கூடத்துக்கு, திரும்பவும் வார்டுக்கு. "இதுக்கு லைசென்ஸ் வேணாம், நல்ல காலம்," என்றார் கணவர். முதல் வாரத்தில் தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. நடைபாதையின் திருப்பங்களில் எதிரே வருகிறவர்களுக்குக் குரல் கொடுக்க வேண்டும் என்று அவளாகவே ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். ஊழியர்கள் முதலில் கேலி செய்தார்கள். அப்புறம் அவர்களும் குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

மூன்றாவது வாரம் வாசலில் ஒரு வாடகைக் காரிலிருந்து மீட்டர்காரர் இறங்கினார். கால் பயிற்சிக்கு வாரத்துக்கு இரண்டு நாள் வர வேண்டியிருந்தது. பின்னாலேயே அக்கா. அந்த நேரத்தில் வாசலில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றது டீச்சர்.

மூன்று பேரும் பார்த்துக்கொண்டார்கள்.

"வேற யாரையாவது வரச் சொல்றேன்," என்றாள் டீச்சர்.

மீட்டர்காரர் நாற்காலியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "உங்க வண்டியில நான் ஏறணுமா?"

"வேணாம்னா வேணாம்ங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

"பிரேக் இருக்கா இதுல?"

"ரெண்டு பக்கமும் இருக்கு."

"புடிக்குதா?"

"காலையிலயே பாத்துட்டேன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, கோபமா என்று தெரியவில்லை. மீட்டர்காரர் ஊன்றுகோலை அக்கா கையில் கொடுத்துவிட்டு மெல்ல உட்கார்ந்தார். நீண்ட நடைபாதையில் அவள் தள்ளிக்கொண்டு போனாள். முதல் திருப்பத்தில் குரல் கொடுத்தாள்.

"நான் பொய் சொன்னேன்," என்றாள் அவள், பின்னால் இருந்தபடியே. "இடிச்சதுக்கு மன்னிப்புக் கேக்கறதவிட, அதுக்குத்தான் முதல்ல கேக்கணும்."

"கால் உடைஞ்சதுகூட எனக்குப் பெருசா தெரியலம்மா," என்றார் அவர். "நான்தான் குதிச்சேனோன்னு எனக்கே சந்தேகம் வந்திடுச்சு பாருங்க, அதுதான். நாள் கணக்கா படுத்தபடியே அந்தத் தெருவ மனசுல நடந்து நடந்து பாத்தேன். பாத்துட்டுத்தானே இறங்கினேன், பாத்துட்டுத்தானே இறங்கினேன்னு. கோர்ட்ல அந்தப் படத்தைப் பாத்தப்பதான் நிம்மதி ஆச்சு."

"பாத்துட்டுத்தான் இறங்கினீங்க. கையும் காட்டினீங்க."

"ஆமா, காட்டினேன் இல்ல?" அவர் குரலில் ஏதோ ஒன்று நேரானது. "கோபம் இன்னும் இருக்கு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். கொஞ்ச நாள் இருக்கும்."

"இருக்கட்டும்ங்க."

அதற்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் அவரை அவள்தான் கூட்டிப் போனாள். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. எந்த வீட்டு நாய் எப்படிக் குரைக்கும், எந்த வீட்டில் மீட்டர் மேல் பூந்தொட்டியை வைத்துவிட்டு நகர்த்த மாட்டேன் என்பார்கள் என்று அவர் சொல்வார், அவள் கேட்பாள். அக்கா சில நாள் கூடவே நடந்தாள், சில நாள் "நீங்க கூட்டிட்டுப் போங்க" என்று வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். நூற்று இருபது மணி நேரம் முடிந்த பிறகும் டீச்சர் வெள்ளிக்கிழமைகளில் வந்துகொண்டிருந்தாள். ஏழாவது மாதம் மீட்டர்காரர் ஊன்றுகோல் இல்லாமல் பயிற்சிக் கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார். கொஞ்சம் சாய்ந்த நடை. ஒன்பதாவது மாதம் வேலைக்குத் திரும்பினார், முதலில் பாதி நாள், அப்புறம் முழு நாள்.

பள்ளியில் அவள் அந்த வருஷம் வகுப்பறைப் பாடம் மட்டும் எடுத்தாள். முதல் நாளே தன்னுடைய படத்தைப் போட்டுக் காட்டுவாள். மீட்டர்காரரிடம் அனுமதி கேட்டே போட்டாள். யாரும் சிரிக்கவில்லை. சேர்க்கை குறைந்துவிடும் என்று பயந்த அண்ணன், அது குறையவில்லை என்பதைக் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் ஒத்துக்கொண்டார்.

வருஷம் முடிந்ததும் பரீட்சைக்குப் போனாள். எழுத்துத் தேர்வில் ஒரு கேள்விகூடத் தப்பவில்லை. ஓட்டிக் காட்டும் தேர்வில் தோற்றுவிட்டாள். அவளுடைய மாணவர்கள் நூற்றுக்கணக்கானவர்களைச் சோதித்த அதே ஆய்வாளர்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர்," என்றார் அவர் சங்கடத்தோடு, "பச்சை விழுந்து மறுபடி சிவப்பே விழுந்திடுச்சு. பின்னால பன்னிரண்டு வண்டி ஹாரன் அடிக்குது."

"யாராவது குறுக்க வந்துட்டா?"

"யாரும் வரல டீச்சர். அடுத்த மாசம் வாங்க."

வீட்டில் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் பயம் போகவில்லை, பச்சை விழுந்தாலும் அந்த நீலச் சட்டைதான் கண்ணில் தெரிந்தது. அதையும் அவரிடம் மறைக்கவில்லை. அந்த மாதம் முழுக்க, மாணவர்கள் பழகும் காலி மைதானத்தில், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். இருபது வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரியே. "போ, போலாம், தெரு காலிதான்," என்று அவர் சொல்லச் சொல்ல, பயம் மெல்ல மெல்ல அவளை விட்டுப் போயிற்று.

இரண்டாவது முறை தேறினாள். கற்றுக்கொடுக்கும் உரிமம் வர இன்னும் ஆறு வாரம் ஆயிற்று. வந்த அடுத்த திங்கட்கிழமை காலை, முதல் மாணவி ஒரு மருந்துக்கடைக்காரி, நாற்பது வயது, இதுவரை ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. ஏறி உட்கார்ந்தவள் கதவைச் சாத்தியதும், கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டுக் கேட்டேவிட்டாள்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. நீங்க ஒருத்தர இடிச்சிட்டீங்களாமே?"

"ஆமா, இடிச்சேன்," என்றாள் டீச்சர். "தப்பு என் மேலதான். எப்படி நடந்துச்சுன்னு முழுசா சொல்றேன். முதல்ல சீட்ட முன்னால இழுத்துக்கோங்க, கால் எட்டணும் பாருங்க."